நாற்பத்தொரு நிர்வாகிகளும் ஒரு தீஹோமிரும்

எங்கள் நகராட்சியில் கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காகச் சிந்தப்பட்ட முதல் ரத்தம், பெல்கிரேடிலிருந்து வந்த ஒரு தொழில்நுட்பக்காரருடையது.

அவர் தவறாக எதுவும் செய்துவிடவில்லை. ஒரு வாரம் தங்கி, எல்லா மேசைகளிலும் இருந்த கம்ப்யூட்டர்களைச் சரிசெய்து, ஊழியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு போட்டுக்கொடுத்தார். அவ்வளவுதான். திங்கட்கிழமை காலை கால்நடைப் பிரிவுத் தலைவர் வுகாஷின் தன் கம்ப்யூட்டரைத் திறந்தார். திரையில் அவர் பெயர் வந்தது. பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் 'சாதாரணப் பயனர்' என்று இருந்தது.

"யாருய்யா சாதாரணம்?"

"சார், அது கணக்கோட வகை சார். மெயில் பாக்க, இன்டர்நெட் பாக்க அது போதும். நிர்வாகி கணக்குல உக்காந்துக்கிட்டு கண்ட இடத்துலயும் மேஞ்சீங்கன்னா, உள்ள நுழையற கழிசடையும் நிர்வாகியாவே நுழையும். நீங்க எதையெல்லாம் அழிக்க முடியுமோ, அதையெல்லாம் அதுவும் அழிச்சுடும்."

"இருபத்தாறு வருஷமா காளைக்குக் காயடிக்கிறேன். என்னைப் பாத்து சாதாரணம்ங்கிறான்."

காயடிக்கும் இடுக்கி மேசைமேலேயே இருந்தது. தொழில்நுட்பக்காரரின் காறை எலும்பு இரண்டு இடங்களில் முறிந்தது. பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் இருக்கும் நான்தான் அறிக்கையை எழுதினேன். 'பணி நேரத்தில் கால் இடறி விழுந்தார்' என்று எழுதச் சொன்னார்கள், எழுதினேன். நகராட்சித் தலைவர் க்வோஸ்டென் நேரில் வந்து, ஸ்ட்ரெச்சரில் கிடந்தவரைப் பார்த்து ஆறுதல் சொன்னார்.

"தலைவரே, நிர்வாகி பாஸ்வேர்டை மட்டும் எல்லாருக்கும் குடுத்துடாதீங்க" என்றார் அவர், வலியோடு.

"நீ முதல்ல மூச்சு விடு" என்றார் தலைவர்.

அன்று மாலையே மன்றக் கூடத்தில் தலைவர் பேசினார். "தோழர்களே, நம்ம நகராட்சியில சாதாரணமான ஆளுன்னு ஒருத்தன்கூட கிடையாது. அப்படி ஒருத்தன் இருந்திருந்தா அவனை நான் வேலைக்கே எடுத்திருக்க மாட்டேன். இங்க இருக்கிறவங்க எல்லாரும் ஒண்ணு என் சொந்தம், இல்லேன்னா என் கட்சி. ஆகவே, எல்லாரும் நிர்வாகி!"

கைதட்டல் அடங்கவே பத்து நிமிடம் ஆயிற்று.

பட்டாபிஷேகம் ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பாதிரியார் துளசிக் கொத்தைத் தண்ணீரில் தோய்த்து நாற்பத்தொரு கம்ப்யூட்டர்மேலும் தெளித்தார். இரண்டு அந்த இடத்திலேயே அணைந்து, உலர்த்திய பிறகுதான் எரிந்தன. புதிய நிர்வாகி ஒவ்வொருவருக்கும் தலைவர் கன்னத்தில் மூன்று முத்தம் கொடுத்தார். யார் முதலில் முத்தம் வாங்குவது என்பதில் வரிப் பிரிவுக்கும் சாலைப் பிரிவுக்கும் கருத்து வேறுபாடு எழுந்து, இரண்டு பல்லும் ஒரு மூக்குக்கண்ணாடியும் சேதமாயின. எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல். அது தலைவரின் பெயர்தான். யாரும் மறந்துவிடக் கூடாது என்று அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மக்கள் வரிசையில் நிற்கும் நடைவழியில் மாட்டினார்கள்.

விழாவுக்கு வராத ஒரே ஊழியர் தீஹோமிர்.

அவர் எல்லை அளவைப் பிரிவு. பிரிவு என்றால் அவர் ஒருவர்தான். எங்கள் பக்கத்தில் மனிதர்கள் மாரடைப்பால் சாவார்கள், டிராக்டர் கவிழ்ந்து சாவார்கள், இல்லையென்றால் எல்லையால் சாவார்கள். பக்கத்து நிலத்துக்காரன் வேலிக்கம்பத்தை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டான் என்பதற்காகக் கோடரி தூக்காத குடும்பம் மொராவா ஆற்றின் இந்தக் கரையில் இல்லை. அந்தக் கோடரிகளுக்கு நடுவே அளவு நாடாவோடு போய் நிற்பதுதான் தீஹோமிரின் உத்தியோகம். விழா அன்று அவர் க்ர்ஸ்மானின் பிளம் தோப்பில் நின்றுகொண்டிருந்தார். க்ர்ஸ்மான் தன் அண்டை நிலத்துக்காரன் யூபிசாவுக்காக ஓங்கிய மண்வெட்டி, நடுவில் இருந்த தீஹோமிரின் தலையில் இறங்கியது. பதினேழு தையல். எல்லை அலுவலருக்குத் தலைக்கவசம் வழங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வழங்கவும் செய்தார்கள். அது தலைவருடைய மோட்டார் சைக்கிளில் தொங்குகிறது.

பழைய காகித வரைபடங்கள் எங்களிடம் இல்லை. 'நவீனமயமாதல் நாள்' அன்று, இனிக் காகிதமே தேவையில்லை என்று தலைவர் அறிவித்து, அவற்றை எரித்துத்தான் ஆறு ஆட்டுக்குட்டிகளை வாட்டினோம். அதற்குமுன் ஒன்பது வருடம் உட்கார்ந்து, பதினோராயிரம் துண்டு நிலங்களின் அளவையும் தன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருந்தார் தீஹோமிர். இன்னொரு நகல், நாற்பத்தொரு நிர்வாகிகளும் கைவைக்கக்கூடிய நகராட்சியின் பெரிய கம்ப்யூட்டரில் இருந்தது.

தையல் பிரித்துத் திரும்பி வந்தபோது அவர் கம்ப்யூட்டர் மட்டும் தொழில்நுட்பக்காரர் விட்டுப்போனபடியே இருந்தது. நிலப் பதிவு இருக்கும் கம்ப்யூட்டர் என்பதால் அதன் நிர்வாகி கடவுச்சொல் வேறு. அது பெல்கிரேடில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தவருக்கு மட்டும்தான் தெரியும்.

"மனு போடுங்க, வாங்கித் தர்றோம்" என்றார் செயலாளர் தேசான்கா அம்மாள்.

"எதுக்கும்மா? வேலைதான் நடக்குதே. இன்டர்நெட்டும் வருது."

இந்தப் பதில் அலுவலகம் முழுவதையும் புண்படுத்தியது. அன்றிலிருந்து கூட்டங்களில் அவருக்கு நாற்காலி கிடையாது. காபி கடைசியாக, ஆறிப்போய் வரும். காபி போடும் ஸ்தோயான்காவும் நிர்வாகி. அவள் தலைவர் மனைவியின் ஒன்றுவிட்ட தங்கை. சமையல் மூலையில் அவளுக்கென்று ஒரு கம்ப்யூட்டர். அதில் எங்கெங்கோ இருந்து இலவசமாக வரும் துருக்கித் தொடர்களைப் பார்ப்பாள். ஒவ்வொரு பாகத்துக்கு முன்பும் கம்ப்யூட்டர் ஏதோ அனுமதி கேட்கும். அவள் 'ஆம்' என்பதை அழுத்துவாள்.

"ஸ்தோயான்கா, அதை அழுத்தாத. என்ன ஏதுன்னு தெரியாம உள்ள விடாத" என்றார் தீஹோமிர் ஒருநாள்.

"உனக்குப் பொறாமை தீஹோ. உன்னை எதுவும் கேக்காதுல்ல? என்னைக் கேக்குது. 'செய்யட்டுமாம்மா'ன்னு கேக்குது. கட்டினவன்கூட ஒருநாள் அப்படிக் கேட்டதில்ல."

எல்லா அறைகளிலும் அப்படித்தான். வுகாஷின் காட்டுப்பன்றி வேட்டைப் படங்களை இறக்கினார். வரிப் பிரிவு, கம்ப்யூட்டரை வேகமாக்கித் தருவதாகச் சொன்ன பதினாறு நிரல்களை இறக்கி, அதை எருமை வேகத்துக்குக் கொண்டுவந்தது. எதுவும் யாரையும் தடுக்கவில்லை. தடுத்தால் அது நிர்வாகியை அவமதித்ததாகிவிடும் அல்லவா?

அக்டோபர் மாதம் தலைவருக்கு ஒரு மெயில் வந்தது. 'ஐரோப்பாவின் தலைசிறந்த நகரத் தந்தை' விருதுக்கான இறுதிப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதாம். இணைப்பைத் திறந்து, அனுமதி கொடுத்து, ஓட்டுப் போட வேண்டுமாம். மெயிலில் அவர் பெயரே தப்பாக இருந்தது. வெளிநாட்டுக்காரனுக்கு நம் பெயர் எங்கே வாயில் நுழையப்போகிறது என்று பெருந்தன்மையாக மன்னித்துவிட்டு, அதை எல்லாருக்கும் அனுப்பினார். கீழே தேசான்கா அம்மாளின் உத்தரவு: பத்து மணிக்குள் அனைவரும் ஓட்டுப்போட வேண்டும், போடாதவர் விளக்கம் தர வேண்டும்.

ஒன்பது ஐம்பதுக்கே நாற்பத்தொரு பேரும் போட்டு முடித்தோம். நானும்தான். "நான்தான் முதல் ஓட்டு" என்று வுகாஷின் நடைவழியில் நின்று கத்தினார். "போய்யா, எங்க பிரிவுதான் முதல்ல" என்றது சாலைப் பிரிவு.

பத்து மணிக்கு நாற்பத்தொரு திரைகளும் கறுத்தன. சிவப்பு எழுத்தில், உங்கள் கோப்புகள் அனைத்தும் பூட்டப்பட்டன என்று வந்தது. நகராட்சியின் பெரிய கம்ப்யூட்டரிலும் அதே எழுத்து.

முதலில் தலைவர் வீரமாக நடந்துகொண்டார். காரிலிருந்து வேட்டைத் துப்பாக்கியை எடுத்து வந்து தன் திரையை நோக்கி, "கடைசியாச் சொல்றேன், திற" என்று எச்சரித்தார். அது திறக்கவில்லை. இரண்டு குழலையும் காலி செய்தார். 'தற்காப்புக்காக' என்று பதிவாகியிருக்கிறது. சத்தத்தைக் கேட்ட மற்ற அறைகள், இதுதான் உத்தரவு என்று புரிந்துகொண்டன. வுகாஷின் இடுக்கியை எடுத்தார். சாலைப் பிரிவு சம்மட்டிகளோடு வந்தது. தேசான்கா அம்மாள் தன் திரையைச் செம்பு முத்திரையால் முப்பது தடவை குத்தினார், ஒவ்வொரு குத்துக்கும் தேதி சொல்லி. ஸ்தோயான்கா கொதிக்கும் காபியை ஊற்றிவிட்டு, "ஏழு பாகம் பாக்கி இருந்துச்சுடா பாவிகளா" என்று அழுதாள்.

கம்ப்யூட்டர்கள் தீர்ந்துபோன பிறகு, முதலில் ஓட்டுப்போட்டது யார் என்ற கேள்வி வந்தது. பத்து மணி வரை எல்லாரும் முதல் ஆளாக இருந்த அலுவலகத்தில் இப்போது எல்லாரும் கடைசி ஆள். "நீதானேய்யா கத்தினே?" என்று சாலைப் பிரிவுக்காரர் வுகாஷினின் காதைக் கடித்தார். முழுவதுமாக வரவில்லை, பாதிதான் வந்தது. கலவரம் மாடிப்படி வரை போயிற்று. மதிய உணவு நேரம் வந்ததும் விதிப்படி நின்றது.

அப்போதுதான் மாடிக் கோடி அறையிலிருந்து அச்சு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது. தீஹோமிர் வேலை செய்துகொண்டிருந்தார்.

"உன்னோடது எப்படிய்யா ஓடுது?" என்றார் தலைவர், சட்டையெல்லாம் கண்ணாடித் தூளோடு.

"நானும் அழுத்தினேன் தலைவரே. நிர்வாகி பாஸ்வேர்டு குடுன்னு கேட்டுச்சு. எனக்குத் தெரியாது. சரின்னு மூடிட்டு வேலையைப் பாத்தேன்."

தலைவர் சட்டைக் கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டார். "அப்போ நீ எனக்கு ஓட்டுப் போடல."

எல்லைப் பதிவேடு அழிந்துவிட்டது என்ற வதந்தி சாயங்காலத்துக்குள் ஊர் முழுவதும் பரவிவிட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கே மூன்று இடங்களில் வேலிக்கம்பங்கள் நகர்ந்திருந்தன. ஒருவன் கை போயிற்று. க்ர்ஸ்மானும் யூபிசாவும் ஆளுக்கொரு கோடரியோடு நகராட்சி வாசலுக்கே வந்து, படிக்கட்டில் வெட்டிக்கொள்ளத் தயாரானார்கள். தீஹோமிர் ஒரு காகிதத்தோடு கீழே இறங்கி வந்தார்.

"ஆத்து மதகுலேர்ந்து வால்நட் மரம் வரைக்கும் பதினாலு மீட்டர் எழுபது. இந்தா, அச்சும் இருக்கு, முத்திரையும் இருக்கு. ஆளுக்கு ஒண்ணு."

யூபிசா காகிதத்தை மேலும் கீழும் பார்த்தான். "கம்ப்யூட்டர் பெட்டியே சொல்லுதா?"

"பெட்டிதான் சொல்லுது."

"அப்ப சரி. இந்த க்ர்ஸ்மான் சொல்லியிருந்தா வெட்டியிருப்பேன்."

கோடரிகள் கீழே இறங்கின. அடுத்த மூன்று நாளும் வாசலிலிருந்து பாலம் வரை வரிசை. தீஹோமிர் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் ஒவ்வொருவருக்கும் அவரவர் எல்லையை அச்சடித்துக் கொடுத்தார். மூன்று நாளில் இருநூற்றுப் பத்துத் துண்டு முடிந்திருந்தது. அந்த மூன்று நாளும் என் இறப்புப் பதிவில் எழுத எதுவும் வரவில்லை. வாசல் மரத்தடியில் மட்டும் எழுபது கோடரிகள் சாத்திக் கிடந்தன.

நான்காம் நாள் விசாரணைக் குழு கூடியது. தலைவர், தேசான்கா அம்மாள், தலையில் கட்டோடு வுகாஷின், காவல் ஆய்வாளர் ஓப்ராத். நான் குறிப்பெழுத.

"நாப்பத்தொரு நேர்மையான நிர்வாகிகள் ஒரே நேரத்துல அடிபட்டாங்க" என்று தலைவர் தொடங்கினார். "ஒரே ஒரு சாதாரணம் மட்டும் ஒரு கீறலும் இல்லாம உக்காந்திருக்கு. இதுல யாருக்கு லாபம்? தெருவைப் பாருங்க. என் வாசல்ல வந்து நின்ன வரிசை இப்போ எவன் வாசல்ல நிக்குது? முப்பது வருஷமா எல்லைத் தகராறை நான்தான் தீர்த்து வைக்கிறேன். யார் எனக்கு ஓட்டோ அவனுக்கு அரை மீட்டர் கூட. அது ஒரு ஒழுங்கு. இவன் என்னடான்னா எல்லாருக்கும் ஒரே அளவைக் குடுத்து நிர்வாகத்தையே கெடுக்கிறான்."

"அதையும் குறிப்புல எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

"அழகா எழுது."

ஓப்ராத் விசாரித்தார். அவருடைய விசாரணைக் கருவி தொழிலாளர் சட்டப் புத்தகம், கெட்டி அட்டை.

"வைரஸ் உன் அறைக்குள்ள ஏன் வரல?"

"அதுக்கு உள்ள வர அதிகாரம் இல்ல சார். எனக்கு இல்லாத அதிகாரம் அதுக்கும் இல்ல."

புத்தகம் இறங்கியது. மூக்கிலிருந்து ரத்தம்.

"அப்போ அதுக்கும் உனக்கும் ஒரே அதிகாரம்னு ஒத்துக்கிற. கூட்டாளிங்க. எழுதிக்கோங்க."

மதியத்துக்குள் தீர்ப்பு வந்தது. சமத்துவத்தை நிலைநாட்டும் பொருட்டு, தீஹோமிரை உடனே நிர்வாகியாக்குவது. நிர்வாகியானதும் அவர் மற்றவர்களைப் போலவே தலைவருக்கு ஓட்டுப் போடுவது. தலைவர் பெல்கிரேடுக்குப் போன் போட்டார். தொழில்நுட்பக்காரர் கடவுச்சொல்லைத் தர மறுத்தார் போலும். "உனக்கு இன்னொரு காறை எலும்பு இருக்கில்ல?" என்று தலைவர் கனிவாக விசாரித்ததும் தந்துவிட்டார்.

தீஹோமிர் மூக்கு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "தலைவரே, என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க. ஒரே ஒரு நாள் குடுங்க. பதினோராயிரம் நிலத்தையும் ஒரு நகல் எடுத்து வெளிய வச்சுக்கறேன். இது போச்சுன்னா வெட்டிக்குவாங்க. கீழ கோடரியோட நிக்கிறாங்க, எட்டிப் பாருங்க."

"நகல் எடுக்கிற அதிகாரம் நிர்வாகிக்குத்தான்" என்றார் தேசான்கா அம்மாள்.

"அப்போ நிர்வாகி ஆக்கிட்டு, முதல்ல நகல் எடுக்க விடுங்கம்மா."

"நிர்வாகி ஆனதும் முதல் வேலை ஓட்டு. தீர்மானத்துல அந்த வரிசைதான் இருக்கு. வரிசையை மாத்தணும்னா இன்னொரு கூட்டம் போடணும். கூட்டம் போடக் கம்ப்யூட்டர்ல அழைப்பு அனுப்பணும். கம்ப்யூட்டர் ஏது?"

அப்போது தீஹோமிர், அதுவரை ஒருவரிடமும் குரல் உயர்த்தாதவர், இரும்பு அளவுக்கோலை எடுத்து நகராட்சித் தலைவரின் முழங்காலில் ஓங்கி அடித்தார். பிறகு தன் கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து அதன்மேல் கவிழ்ந்துகொண்டார்.

பிரித்தெடுக்க ஏழு பேர் தேவைப்பட்டார்கள். பழைய தையல் போட்ட இடம் மறுபடி பிளந்தது. வலது கை விரல் மூன்றை வுகாஷின் இடுக்கியால் ஒவ்வொன்றாக நிமிர்த்த வேண்டியிருந்தது. நிமிர்ந்தவை பிறகு மடங்கவில்லை. பாதிரியாரைக் கூப்பிட்டு அவசரமாகத் தண்ணீர் தெளித்தார்கள். ஒற்றைக் காலில் நொண்டிக்கொண்டே வந்து தலைவர் மூன்று முத்தம் கொடுத்தார். மூன்றாவது முத்தத்தில் அவர் உதட்டில் ரத்தம் ஒட்டியது.

ஓப்ராத் வலது கையைப் பிடித்து மவுஸுக்கு இழுத்தார்.

"அது உடைஞ்சிருக்கு, இடது கையை வைங்க" என்றார் தலைவர். "ஓட்டுன்னா அவனவன் கையால சுதந்திரமா போடணும்."

இடது கை விரலை வைத்து அழுத்தினார்கள். கம்ப்யூட்டர் ஏதோ அனுமதி கேட்டது. மறுபடி அழுத்தினார்கள். இரண்டு நிமிடம் ஓடிற்று. திரை கறுத்துச் சிவந்தது. அறையில் எல்லாரும் கைதட்டினார்கள். ஸ்தோயான்கா, முதல்முறையாக, தீஹோமிருக்குச் சூடான காபி கொண்டுவந்து வைத்தாள். "இப்போ நீயும் நம்ம ஆளு தீஹோ" என்றாள். உண்மையான பிரியத்தோடுதான்.

கீழே வரிசைக்கு யார் சொன்னார்கள் என்று தெரியாது. ஒவ்வொருவராக மரத்தடிக்குப் போய், சாத்தி வைத்திருந்த தன் கோடரியை அடையாளம் பார்த்து எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுநாள் காலையே க்ர்ஸ்மான் தோப்பில் தகராறு. கையில் இருந்த காகிதத்தை யூபிசா தின்றுவிட்டானாம். தன்னுடையது எலி தின்றுவிட்டதாக க்ர்ஸ்மான் சொன்னான். தீஹோமிர் கட்டுப்போட்ட கையோடு ஓடினார். யாரும் அனுப்பவில்லை. ஒன்பது வருடம் ஏற்றியதில் பாதியாவது அவருக்கு மனப்பாடம். இருவருக்கும் நடுவே போய் நின்று, "பதினாலு எழுபது, மதகுலேர்ந்து பதினாலு எழுபது, எனக்குத் தெரியும்" என்றார்.

"அன்னைக்குப் பெட்டி சொல்லிச்சு" என்றான் க்ர்ஸ்மான். "இன்னைக்கு நீங்க சொல்றீங்க. பெட்டிக்குச் சொந்தபந்தம் கிடையாது. உங்களை எவன் கூட்டிட்டு வந்தானோ?"

"யாரும் கூட்டிட்டு வரலய்யா. கோடரியைக் கீழ போடு. அளந்தே காட்டறேன்."

நாடாவின் ஒரு முனையை மதகில் வைக்கக் குனிந்தார். முதல் வெட்டு க்ர்ஸ்மானுடையது, இரண்டாவது யூபிசாவுடையது. முப்பது வருடத்தில் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது.

அடக்கத்தை நகராட்சியே சிறப்பாக நடத்தியது. சிலுவையில் பெயருக்குக் கீழே 'நிர்வாகி' என்று பொறித்தார்கள். தலைவர் ஊன்றுகோலோடு நின்று நாற்பது நிமிடம் பேசினார்.

"அவர் சாதாரணமா சாகல. அந்தக் குறையை நாம வைக்கல. கடைசி நாள்ல அவருக்கு முழு அதிகாரமும் குடுத்தோம். எனக்கு ஓட்டுப் போட்டுட்டுத்தான் போயிருக்கார். அதை நினைச்சா எனக்கு..." என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கண்ணீர் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். கல்லறைமேட்டில் ஊரே கூடியிருந்தது. பேச்சு இருபதாவது நிமிடத்தைத் தாண்டியபோது கூட்டத்தின் பின்வரிசை மெலியத் தொடங்கியது. பேச்சு தாங்காமல் போகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு நடுவரிசையும் மெலிந்தது. மேட்டைச் சுற்றி நாலு பக்கமும் வயல்தான். கிழக்கே ஒரு சம்மட்டி மரக்கம்பத்தில் விழும் சத்தம் கேட்டது. பின்பு தெற்கே ஒன்று. கொஞ்ச நேரத்தில் எல்லாத் திசையிலிருந்தும், தட்டுத் தட்டென்று, விட்டுவிட்டு.

தலைவர் பேச்சை நிறுத்திக் காதைத் தீட்டினார். முகம் மலர்ந்தது.

"கேட்டீங்களா? ஊரே கைதட்டுது."

ஆற்றுப் பக்கத்திலிருந்து ஒருவன் அலறும் சத்தம் வந்தது. என் நிலமும் ஆற்றுப் பக்கம்தான். என் அண்டை நிலத்துக்காரன் இவ்வளவு நேரம் என் இடதுகைப் பக்கம் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

சிலுவைக் குறி போட்டுவிட்டு நானும் மெல்லப் பின்னால் நகர்ந்தேன். கோடரி வண்டியில்தான் இருந்தது.